நடமாட்டப் பதிவேட்டில் ஒரு பீட்சா

பின்னம் தெரியாத பிள்ளையே இனி இருக்கக் கூடாது என்று ஒரு நல்ல நாளில் மேலிடத்தில் முடிவானது. முடிவானதும் அதற்கு 'முழுமைப் பின்ன இயக்கம்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததும் கையேடு அச்சானது. கையேட்டுக்குப் பின்னால் ஒரு செயலி வந்தது. பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தார்கள். இயக்கத்துக்குச் செலவில்லாமல் கிடைத்தது அவர்கள் மட்டும்தான்.

கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் குழப்பமே இல்லை. ஒரு பீட்சாவை எட்டுச் சம துண்டுகளாக்கி, மாணவர்கள் மகிழ்ச்சியுடன் பின்னம் கற்கும் காட்சியைப் படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான்.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே, பஸ் நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்கிற ஊர் கிடாக்குளம். அங்குள்ள நடுநிலைப் பள்ளிக்கு ஒரே கணக்கு டீச்சர் பிரவீணா. காரியாபட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஏழாம் வகுப்பில் இருபது பிள்ளைகள். கையேடு வருவதற்கு ஒரு மாதம் முன்பே தன் டிபன் பாக்ஸிலிருந்த ஊத்தப்பத்தை வெட்டி வெட்டி அவர் பின்னத்தை நடத்தி முடித்திருந்தார். பிள்ளைகள் கால், அரைக்கால் எல்லாம் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னார்கள். டீச்சர்தான் ஒரு வாரம் மதியம் பசியோடு இருந்தார்.

உத்தரவை மதித்து, ஊத்தப்பத்தைப் படமெடுத்து ஏற்றினார். செயலி கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி யோசித்தது. பிறகு சொன்னது: "பீட்சா கண்டறியப்படவில்லை. இவ்வகுப்பின் பின்ன அறிவு: 0 விழுக்காடு."

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. வகுப்பின் பின்ன அறிவு ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே இருக்குமாயின், சம்பந்தப்பட்ட ஆசிரியர் முப்பது நாள் தங்கிப் பயிற்சி பெற அனுப்பப்படுவார் என்று இதன்வழித் தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆண்டுத் தேர்வுக்கு இருந்ததே நாற்பது நாள். தசமம் தொடவில்லை. சராசரி தொடவில்லை. டீச்சர் போனால் அந்த இடத்தில் வந்து நிற்க வேறு ஆளும் இல்லை.

பிரவீணா டீச்சர் வட்டார ஒருங்கிணைப்பாளர் ராஜகுருவுக்குப் போன் போட்டார்.

"சார், எங்க பிள்ளைகளுக்குப் பின்னம் நல்லாத் தெரியும். நீங்களே வந்து கேட்டுப் பாருங்க."

"கேட்டா எப்படிம்மா தெரியும்? படத்துலதான தெரியும்."

"இந்த ஊர்ல பீட்சாவுக்கு நான் எங்க சார் போறது?"

"பதறாதீங்க. மதுரையில ஒண்ணு வாங்கியாச்சு. வரிசையா எல்லாப் பள்ளிக்கும் வரும். படம் எடுத்துட்டு அடுத்த பள்ளிக்கு அனுப்பிவிட்ருங்க."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் இது வழிவழியாக வந்த ஏற்பாடு. அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்றால், உலக உருண்டையும் தொலைநோக்கியும் அவருடைய ஜீப்புக்கு அரை மணி முன்னால் டூவீலரில் பள்ளி பள்ளியாகப் போய்க்கொண்டிருக்கும். ஒரே ரோஜாத் தொட்டி பசுமைப் பள்ளி விருதை நான்கு ஊருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறது. உலக உருண்டை போன வழியில் பீட்சாவும் போனது. ஒரே வித்தியாசம், உலக உருண்டையை யாரும் தின்பதில்லை.

திங்கட்கிழமை புறப்பட்ட பீட்சா வியாழக்கிழமை கிடாக்குளம் வந்து சேர்ந்தது. கூடவே முறையாகப் பராமரிக்கப்பட்ட ஒரு நடமாட்டப் பதிவேடும் வந்தது. தலைமையாசிரியர் அப்பாசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"முதல் பள்ளி, ஒரு துண்டு, படத்துக்கு முன்பே தர ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ரெண்டாம் பள்ளி, ஒரு துண்டு, காக்கை. மூணாம் பள்ளி, ஒரு துண்டு, அதே காக்கை. நாலாம் பள்ளி, ஒரு துண்டு, தலைமையாசிரியரின் பேரன். அஞ்சாம் பள்ளி, ஒரு துண்டு, காரணம் பின்னர் தெரிவிக்கப்படும்."

பெட்டியைத் திறந்தார்கள். மூன்று துண்டுகள் இருந்தன, அட்டைக்கும் அவற்றுக்கும் அதிக வித்தியாசமில்லாத பதத்தில். டீச்சர் படமெடுத்து ஏற்றினார். செயலி இந்தத் தடவை பீட்சாவை அடையாளம் கண்டுகொண்டது. எட்டில் மூன்று துண்டு. ஆகவே வகுப்பின் பின்ன அறிவு 37.5 விழுக்காடு. ஆகவே இருபது பிள்ளைகளில் பின்னம் அறிந்தோர் 7.5 பேர். அவர்களின் பெயர்ப்பட்டியலை உடனடியாக அனுப்புக.

மறுநாள் ராஜகுருவே நேரில் வந்துவிட்டார். கிடாக்குளத்தால் வட்டாரத்தின் சராசரி கீழே இறங்குகிறது என்று மேலே கேட்கிறார்களாம்.

"ஏழரை பேர் யாரு யாரு?"

"ஏழு பேரை எழுதியாச்சு சார்" என்றார் அப்பாசாமி. "அரைதான் இடிக்குது. அரை ஆளுக்கு எங்க போக?"

ராஜகுரு வருகைப் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "இந்தா, பெரிய பேரு ஒண்ணு இருக்கே, முத்துப்பேச்சி. 'முத்து'ன்னு மட்டும் எழுதுங்க. 'பேச்சி'ய விட்ருங்க."

அப்பாசாமி எழுதினார். முத்துப்பேச்சி எழுந்து நின்றாள்.

"சார், எங்க வீட்ல பங்கு வாரத்துக்கு ஆடு வளக்கோம். மூணு குட்டி போட்டா, பாதி எங்களுக்கு, பாதி ஆட்டுக்காரவுகளுக்கு. ஆளுக்கு ஒண்ணரை. அதுக்காகக் குட்டிய வெட்டவா செய்வோம்? இந்த ஈத்துல நாங்க ரெண்டு வச்சுக்கிட்டா, அடுத்த ஈத்துல மூணு போடயில அவுகளுக்கு ரெண்டு. ஒண்ணரையும் ஒண்ணரையும் மூணு. கணக்குச் சரியாப் போகும். நீங்க என்னமோ ஆளையே வெட்டுறீக."

வகுப்பு சிரித்தது. ராஜகுரு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"எங்க டீச்சர்தான் சார்."

"பட்டியல்ல உன் பேரு இருக்கா?"

"பாதி இருக்கு சார்."

"அப்ப உனக்குப் பாதிதான் தெரியும். உக்காரு."

பிரவீணா டீச்சர் குறுக்கே வந்தார். "சார், அவளுக்கு முழுசாத் தெரியும். இந்த இருபது பேருக்கும் தெரியும். நான் முப்பது நாள் போயிட்டா தசமம் அத்துப்போகும் சார். எட்டாம் வகுப்புக்குப் போய் முழிப்பாங்க."

"எனக்குத் தெரியாதாம்மா? செயலிக்குத் தெரியணுமே!"

முப்பது வருடமாக சார்ட் ஒட்டியே பல பார்வைகளைச் சமாளித்தவர் அப்பாசாமி. அவர் தொண்டையைச் செருமினார். "அஞ்சு துண்டுதான குறையுது. செஞ்சிருவோம்."

நோட்டு வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்தார்கள். சத்துணவு அறையிலிருந்து மஞ்சள்தூள் வந்தது. சாஸுக்குச் செம்மண், நடுவே நாலு வத்தல் துணுக்கு. அரை மணி நேரத்தில் ஐந்து துண்டுகள் தயார். மதுரையிலிருந்து வந்த மூன்றைவிட அவை பார்வைக்கு நன்றாக இருந்தன.

"பத்துத் துண்டா வச்சா என்ன சார் ஆகும்?" என்றாள் முத்துப்பேச்சி.

ராஜகுரு வாய்க்குள் கணக்குப் போட்டார். "நூத்தி இருவத்தஞ்சு விழுக்காடு."

"அப்ப இருபது பேர்ல இருபத்தஞ்சு பேருக்குத் தெரியும்."

ராஜகுருவின் கண்ணில் மாவட்டத்தின் முதலிடம் ஒரு கணம் மின்னி மறைந்தது. "வேண்டாம். அரசு ஊழியர் பேராசைப்படக் கூடாது" என்று தன்னையே அடக்கிக்கொண்டார். கையேட்டில் 'உள்ளூர் வளங்களைப் பயன்படுத்துக' என்று ஒரு வரி இருப்பதும் அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

பிரவீணா டீச்சர் செல்போனைத் துண்டுகளுக்கு நேரே பிடித்தார். பிள்ளைகளுக்குப் பின்னம் தெரியும் என்பது உண்மை. உண்மையைச் சொல்ல ஒரு பொய்ப்படம். ஒரு பக்கம் இந்தப் படம், மறு பக்கம் முப்பது நாள். படத்தை எடுத்தார்.

நூறு விழுக்காடு.

அடுத்த வாரம் ஊரே மாறிப்போனது. வட்டாரத்தில் நூறு வாங்கிய ஒரே பள்ளி கிடாக்குளம். பெற்றோர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் இருபது பிள்ளைகளுக்கும் நடுவே பிரவீணா டீச்சர் கைகூப்பி நின்றார். அந்த ஃபிளெக்ஸைப் பார்ப்பதற்காகவே பஸ்ஸும் இரண்டு நாள் நின்றது.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது.

'மேற்படி பள்ளியில் அனைவரும் முழுமையாக அறிந்துவிட்டபடியால், கணக்கு ஆசிரியர் பணியிடம் உபரி எனக் கண்டறியப்படுகிறது. எனவே பிரவீணா என்பார், பின்ன அறிவு பூஜ்ஜியமாக உள்ள பிறிதொரு பள்ளிக்கு மாற்றப்படுகிறார்.'

டீச்சர் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினார். "சார், நான் இன்னும் தசமமே நடத்தலையே!"

"நூறு வாங்குன பிள்ளைகளுக்குத் தசமம் எதுக்கு டீச்சர்?" என்றார் அப்பாசாமி. அவர் கேலி பேசவில்லை. உத்தரவின் இரண்டாம் பத்தியில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

"அப்பச் சராசரி?"

"மூணாம் பத்தி."

வழியனுப்பப் பெற்றோர்கள் திரண்டு வந்தார்கள். சந்தன மாலை, சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். பிரவீணா டீச்சர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். முத்துப்பேச்சியின் அம்மா அழகுத்தாயிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நான் போகக் கூடாதுக்கா. நீங்கள்லாம் சேர்ந்து ஒரு மனு எழுதிக் குடுங்க. பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் பாக்கி கிடக்கு."

அழகுத்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அடக்கமாப் பேசுறீக டீச்சர். எம்மக பாதிதான் படிச்சிருக்கான்னு முந்தி ஒரு பட்டியல் வந்துச்சாம்ல, கேட்டு ரெண்டு நாள் சோறு இறங்கல. இப்பத்தான் முழுசா நூறு வந்துருக்கு. அதுல குறையிருக்குன்னு நாங்களே எழுதிக் குடுக்கவா? நல்லாருக்கே!"

ஐந்து துண்டு அட்டை என்று டீச்சர் சொல்லலாம். சொன்னால் இருபது பேரின் நூறும் போகும். ஃபிளெக்ஸைக் கழற்ற வேண்டும். அதில் கைகூப்பி நிற்பவர் விளக்கமும் தர வேண்டும்.

அப்பாசாமி பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தை நீட்டினார். கடைசிக் கட்டத்தில் 'மாணவர்களுக்கு இதுவரை கற்பிக்கப்படாதவை' என்று இருந்தது.

பிரவீணா டீச்சர் பேனாவைத் திறந்தார். 'ஏதுமில்லை' என்று எழுதி, தேதி போட்டு, தெளிவாகக் கையெழுத்திட்டார்.

ஊர் கைதட்டியது.