நடுவீட்டில் நின்ற மோட்டார்

சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத ஆண்பிள்ளையை விசேஷ நாளில் வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. இதை நான் பொதுவாகச் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்தவரை மணி அடித்தால் எழுந்தேன், மணி அடித்தால் உட்கார்ந்தேன். ஓய்வுக்குப் பிறகு மணி அடிக்க ஆள் இல்லை. அதனால் உட்காரவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பிரித்து நிறுத்தினேன். ஒழுகாத குழாயை இறுக்கி ஒழுக வைத்தேன். என் மனைவி தனலெட்சுமி, “கை ஊறுதுன்னா அரிசியில கல்லு பொறுக்குங்களேன்” என்பாள். (பொறுக்கினேன். அது கல்லே இல்லாத அரிசி.)

அப்போது நாங்கள் குடியிருந்தது தேயிலைத் தோட்டத்துக் கிராணி வீட்டில். கிராணி நானல்ல, என் மகள் யோகேஸ்வரி. தோட்டத்து ஆபீசில் அவளுக்குக் கணக்கு வேலை. வீடு அவள் பெயரில் கொடுத்தது. வாசலில் நின்ற மோட்டார், அதாவது மோட்டார் சைக்கிள், அவள் சம்பளத்தில் வாங்கியது. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு ஸ்பானர் பெட்டி மட்டும் இருந்தது.

அந்த மோட்டாருக்குச் சைடு ஸ்டாண்டுதான் உண்டு. எங்கள் வாசலோ சரிவு, அதிலும் எந்நேரமும் ஈர மண். ஸ்டாண்டு மண்ணில் புதைய, மோட்டார் களைத்துப்போன மாடு மாதிரி மெல்லச் சாய்ந்து படுத்துவிடும். அதனால் யோகேஸ் ஒரு டபள் ஸ்டாண்டு வாங்கி வந்தாள். வண்டியை நடுவில் தூக்கி நேராக நிறுத்துமே, அது.

“பிரிஞ்சாங் டவுன்ல கடையில குடுத்து மாட்டிக்கிறேன்பா. நீங்க தொடாதீங்க” என்றாள்.

அன்றிலிருந்து என் கண் அந்த ஸ்டாண்டு பொட்டலத்தின் மேலேயே இருந்தது.

இதற்கிடையில் அவளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை தினேஸ், மலையடிவாரத்துத் தாப்பா ஊர்க்காரர், ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. அமைதியான பையன். யோகேஸ் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பெண் வீட்டிலிருந்து எதுவும் போகக் கூடாது. அதற்கு முன் கார் கேட்டு வந்த ஒரு வரனை வாசலோடு அனுப்பியவள் அவள். தினேஸ் வீட்டாரிடம் முதல் நாளே சொன்னாள்: “எங்க வீட்லேருந்து ஒரு கரண்டி வந்தாலும் அதோட கல்யாணம் நின்னுரும். அப்பறம் என்னைக் கோவிச்சுக்காதீங்க.” அவர்களும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். அவள் சிரிக்கவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று காலை தாயும் மகளும் மேக்கப் போட பிரிஞ்சாங் போய்விட்டார்கள். சமையல் பக்கத்து வீட்டில் நடந்தது. எனக்குக் கொடுத்த வேலை, ஹாலைக் கூட்டுவது, புது விரிப்பு விரிப்பது, பிறகு நாற்காலியில் உட்காருவது. கூட்டினேன். விரித்தேன். உட்காரத்தான் முடியவில்லை.

ஹாலில் இருந்த சாமான்களை எல்லாம் அப்புறப்படுத்தியிருந்தோம். தரையில் புது ரப்பர் விரிப்பு பளபளத்தது. அவ்வளவு காலியான, அவ்வளவு சுத்தமான இடத்தை நான் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை. வெளியே தூறல். மாப்பிள்ளை வீட்டார் மத்தியானம்தான் வருவார்கள். அதுவும் கியா பார்ம் தாண்டி வர வேண்டும். வார இறுதியில் அங்கே ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் அசையாமல் நிற்கும். எப்படியும் தாமதமாகும். பத்து நிமிட வேலைதானே என்று மோட்டாரை ஹாலுக்குள் தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஸ்டாண்டை அடியில் வைத்து நீளமான போல்ட்டைக் கோத்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஸ்பிரிங்தான் முரண்டு பிடித்தது. குறட்டில் பிடித்து இழுத்தால் நழுவிப் பறந்து சுவரில் அடித்தது. கடைசியில் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி ஸ்பிரிங் கொக்கியில் மாட்டி, சுவரில் கால் வைத்து, பிரசவ வேதனையில் இருப்பவள் போலக் கத்திக்கொண்டு இழுத்தேன். மாட்டிக்கொண்டது. மூச்சைப் பிடித்து மோட்டாரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். நின்றது.

ஆனால் லேசாக ஆடியது.

ஆடினால் இறுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக் சாஸ்திரம். இறுக்கினேன். ஸ்பானர் கைப்பிடியைச் சுத்தியலால் தட்டித் தட்டி இன்னும் இறுக்கினேன். ஆட்டம் நின்றது. பொட்டலத்தில் ஓர் இரும்புக் குழல் மீந்து கிடந்தது. தயாரித்தவர்கள் தாராள மனம் படைத்தவர்கள் என்று எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். (போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஸ்டாண்டு நசுங்காமல் திரும்புவதற்கு உள்ளே போட வேண்டியது அந்தக் குழல்தான். இது பிறகு தெரிந்தது. எனக்கு எல்லாமே பிறகுதான் தெரியும்.)

மோட்டாரை முன்னால் தள்ளினேன். ஸ்டாண்டு மடங்கவில்லை. பின்னால் இழுத்தேன். மடங்கவில்லை. நட்டைத் தளர்த்தப் போனால், நான் அடித்த அடியில் அதன் மூலைகள் மழுங்கி உருண்டையாகியிருந்தன. ஸ்பானர் சும்மா சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தனம் வந்தாள். யோகேஸுக்குக் கொண்டை போட்டு முடியவில்லையாம், இவள் மட்டும் முந்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

“என்னங்க இது?”

“டபள் ஸ்டாண்டு.”

“அது தெரியுதுலா. நடுவூட்ல எதுக்கு?”

“மழை பெய்யுது.”

“மோட்டாருக்குச் சளி பிடிச்சுருமா? எடுங்க வெளிய!”

“எடுக்க முடியல.”

தனம் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பட்டுப்புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு இழுக்க வந்தாள். இருவரும் சேர்ந்து இழுத்தோம். மோட்டார் ஒரு சாண் நகர்ந்தது, புது விரிப்பு இரண்டு சாண் கிழிந்தது. அப்போது வாசலில் ஹாரன் சத்தம்.

“ஜாம் ஏறும் முன்ன வந்துரலாம்னு வெடியக் காலையிலேயே கெளம்பிட்டோம்லா!” என்று ஒரு பெரிய குரல் கேட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா. லோரி வைத்துத் தொழில் செய்பவர். முதல் சந்திப்பில் நான் தொடங்கிய எந்த வாக்கியத்தையும் முடிக்க விடாதவர்.

தனம் பதறிப்போய் உள்ளே ஓடி ஒரு சரிகைப் புடவையைக் கொண்டு வந்து மோட்டார் மேல் போர்த்தினாள். அது மோட்டாரை மறைக்கவில்லை. அலங்கரித்தது. வந்த பெண்களும் தட்டுகளை வைக்க வேறு இடம் இல்லாமல் அதைச் சுற்றியே வரிசையாக வைத்தார்கள். வெற்றிலை, பழம், இனிப்பு, புடவை எல்லாவற்றுக்கும் நடுவில் அது கல்யாணப்பெண் மாதிரி நின்றது. யாரோ ஒரு புண்ணியவதி அதன் மேல் மல்லிகைச் சரம் ஒன்றையும் வைத்தாள். தனம் பலகாரம் எடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

பெரியப்பா புடவை நுனியைத் தூக்கிப் பார்த்தார்.

“அடேங்கப்பா! மோட்டாரா? வாத்தியாரே, இது மாப்பிள்ளைக்கா?”

ஹாலே என்னைப் பார்த்தது.

இல்லை என்று சொல்ல ஒரு வினாடி போதும். ‘இது என் மகளின் மோட்டார், நான் இதைக் கெடுத்துவிட்டேன்’ என்று சொல்ல இன்னொரு வினாடி. நான் தலையாட்டினேன். மேலும் கீழுமாக.

பெரியப்பா என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டார். “பாத்தீங்களாடா! வேணாம் வேணாம்னு சொல்லிட்டு சத்தமில்லாம குடுக்கறாரு! பெரிய மனுஷன்லா!” கை தட்டினார்கள். தினேஸ் மட்டும் தட்டவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் இருந்த அவர் அம்மா, “நாம ஒன்னும் கேக்கலியேடா” என்று மகனிடம் கிசுகிசுத்தார்.

சமையல்கட்டு வாசலில் யோகேஸ் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக் கூடாது என்று பின்பக்கமாக வந்தவள், கைதட்டல் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள்.

“யாருக்கு மோட்டாரு?”

“உங்கப்பா மாப்பிள்ளைக்குக் குடுக்கறாரும்மா” என்றார் பெரியப்பா.

அவள் என்னிடம் வரவில்லை. நேராகத் தினேஸைப் பார்த்தாள். “நீங்க கேட்டீங்களா?”

“இல்லங்க. சத்தியமா இல்ல.”

“வேணுமா?”

“வேணாங்க.”

“அப்ப எடுத்து வெளிய வைங்க. அது என் மோட்டாரு. வெளிய போனப்பறம் பேசலாம். இல்லன்னா தட்டெல்லாம் வந்த வழியே போகட்டும்.”

அந்தப் பையன் எழுந்தார். புடவையை எடுத்து மடித்து வைத்துவிட்டு மோட்டாரைத் தள்ளினார். நகரவில்லை. பெரியப்பா வந்து தள்ளினார். நகரவில்லை.

“என்ன வாத்தியாரே, சிமெண்டு போட்டு நட்டு வெச்சிட்டீங்களா?”

நான் சட்டைப் பையிலிருந்து அந்த இரும்புக் குழலை எடுத்து நீட்டினேன். அதற்கு மேல் ஒளிக்க ஒன்றும் இல்லை. “மோட்டார் மாப்பிள்ளைக்கு இல்லீங்க. டபள் ஸ்டாண்டு மாட்டினேன். மாட்டிக்கிச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

பெரியப்பா குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தினேஸ் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், மோட்டார் சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். ஹால் முழுக்கத் தொற்றிக்கொண்டது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். “வாங்கடா, தூக்குங்க!” இரண்டு வீட்டு ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சாமி புறப்பாடு போல அந்த மோட்டாரை மழையில் வெளியே தூக்கிப் போனார்கள். “பாத்து, பாத்து! இடது பக்கம் எறக்கு!” என்று பெரியப்பா கத்த, பக்கத்து வீட்டிலிருந்து கரண்டியோடு வந்த தனம் தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் வாசலில் சாய்ந்து விழாமல் அந்த மோட்டார் நேராக நின்றது அன்றுதான். யாரும் என்னைப் பாராட்டவில்லை.

தட்டு மாற்றினார்கள். கிழிந்த விரிப்பின் மேல் தினேஸின் அம்மா அமர்ந்து மறைத்துக்கொண்டார். கல்யாணமும் நடந்தது.

இப்போது கதை பேரப்பிள்ளைகள் வரை போயிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்டதற்கு நான் தலையாட்டினால் போதும். “தாத்தா தலையாட்டிட்டாரு! மோட்டார் சாவிய ஒளிச்சு வைங்க!” என்று கூச்சல் கிளம்பும். பெரியப்பா எந்த விசேஷத்துக்கு வந்தாலும் முதலில் ஹால் நடுவில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்.

பதற்றத்தில் தலையாட்டிவிட்டேன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. ஆனால் அது பதற்றம் அல்ல. அத்தனை பேர் என்னைப் பெரிய மனுஷனாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். மகள் கட்டிக் காத்த ஒரே சொல்லை அதற்கு விலையாகக் கொடுத்தேன்.

கதை சொல்லும்போது யோகேஸும் சிரிப்பாள். ஆனால் மற்றவர்கள் சிரித்து ஓயும் நேரத்தில்தான் ஆரம்பிப்பாள். அதற்கு முன் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துக்கொள்வாள்.