ஜாகா அண்ணனின் டீமில் கை வைத்தது யார்?

எங்கள் ஊர் செலண்டாரில் ஜாகா அண்ணனின் சந்தேகத்துக்கு ஆளாகாத உயிர் ஒன்றுகூட இருந்ததில்லை. சாமியே நேரில் இறங்கி வந்து அவர் வீட்டு கேட்டைத் தட்டியிருந்தாலும், "ஐ.சி. இருக்கா? அடையாளக் கார்ட எடுங்க. யாரப் பாக்கணும்? சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டு முடித்த பிறகுதான் கும்பிட்டிருப்பார்.

அவருக்குப் பெயர் ஒன்று உண்டு. கேட்டால், "பேரு எதுக்கு ஒனக்கு?" என்பார். செம்பனை ஆலை வாசலில் பத்தொன்பது வருஷம் ஜாகாவாக, அதாவது காவலாளியாக, நின்றவர் என்பதால் ஊருக்கே ஜாகா அண்ணன். குலை ஏற்றி வரும் லோரிகளின் அடியில் கண்ணாடி விட்டுப் பார்ப்பது அவர் வேலை. ஆனால் ஆலை மேனேஜரின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, "மீன் கறியா? சரி, போங்க" என்று உள்ளே விடச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதையும் செய்தார். வீட்டிலும் ஒரு வருகைப் புத்தகம் வைத்திருந்தார். தீபாவளிக்குப் போனாலும் வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் முறுக்கு.

அப்படிப்பட்ட மனிதரிடம், சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் தன் பழைய கேம் பெட்டியை விட்டுவிட்டுப் போனான். உள்ளே ஒரு காற்பந்து கேம். அதில் ஒரு கிளப்புக்கு மேனேஜராகி அதை வருஷக்கணக்கில் நடத்தலாம். ஊரில் மற்றவர்கள் பெரிய கிளப்பாகப் பார்த்து எடுப்பார்கள், உலகத்திலுள்ள சூரர்களையெல்லாம் வளைத்துப் போடுவார்கள், தோற்றால் பெட்டியை அணைத்துவிட்டு அதே ஆட்டத்தை மறுபடி ஆடுவார்கள். ஜாகா அண்ணனுக்கு அதெல்லாம் பச்சைத் திருட்டு.

"நெசத்துல எப்படியோ அப்படித்தான்லா நடக்கணும். தோத்தா தோத்ததுதான். நெசத்துல சுவிட்ச ஆஃப் பண்ணி ஆன் பண்ண முடியுமா?"

எனவே அவர் எடுத்தது கேமிலேயே கடைசி டிவிஷனில் கிடந்த ஒரு நோஞ்சான் கிளப். பெயர் யார் வாயிலும் நுழையாது. ஒட்டுக்கடையில் பால் விடாத தே-ஓ குடிக்கிறவர்கள் அதை ஜாகா டீம் என்றார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு ஆட்டம், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. நெசத்தில் அப்படித்தானே? ஆட்டத்தின்போது கண்ட்ரோலரைத் தொட மாட்டார். பதினொரு பேரைப் பொறுக்கி இறக்கிவிட்டால் கேம் தானாகவே ஆடும். இவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் கறுப்புச் சப்பாத்துமாக டிவிக்குப் பக்கத்தில் நின்று கத்துவார். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். மேனேஜர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதாம். பாதி ஆட்டம் முடிந்ததும் பெட்டியை நிறுத்தி, முழுசாகப் பதினைந்து நிமிஷம் இடைவேளை விடுவார். அப்போது அவர் மனைவி பாக்கியம் அக்கா தே-ஓ கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போவார். செலண்டாரில் பலத்த மழை பெய்தால் ஆட்டம் ஒத்திவைப்பு. திடலில் தண்ணீர் நிற்குமாம்.

தமிழ்ப் பள்ளிக்கு எதிரே போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கும் பாவத்துக்கு நானும் இதில் மாட்டிக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் டீம் லிஸ்டோடு வந்து நிற்பார். இரண்டு காப்பி. ஒன்று கதவில் ஒட்ட, ஒன்று ஃபைலுக்கு.

"காப்பி எடுத்ததும் கண்ணாடியத் தொடச்சிரு. பேரு ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"யாருண்ணே வந்து பாக்கப் போறா?"

"எதிர் டீமு."

"எதிர் டீமு கேமுக்குள்ளதானண்ணே இருக்கு?"

"நீ அப்படியே நெனச்சிக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டு, கடையில் லெமினேட் செய்ய வந்திருந்த ஆசிரியையைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா அதற்குப் பிறகு என் கடைக்குச் சனிக்கிழமைகளில் வருவதில்லை.

சொந்த ஆட்டக்காரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒருவனுக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்டது, மூன்று வாரம் ஆட முடியாது என்று கேமில் செய்தி வரும். நம் ஊரில் டாக்டர் கொடுக்கும் அந்த லீவுச் சீட்டுக்கு ஒரே பெயர்தான், எம்.சி. ஆலையில் தொழிலாளிகள் திங்கட்கிழமை எடுக்கிற எம்.சி.க்களைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவர் அவர். டிவியைப் பார்த்தே கேட்பார்: "மூணு வாரம் எம்.சி.யா? எந்தக் கிளினிக்குல குடுத்தான்? சீட்டக் காட்டு." அவன் காட்ட மாட்டான். அதோடு அவன் மேல் இருந்த நம்பிக்கை போயிற்று.

இருந்தும் பழைய ஆட்கள் பதினொரு பேரைத்தான் ஒவ்வொரு வாரமும் இறக்கினார். பெஞ்சில் ஏழு இளவட்டங்கள் இரண்டு சீசனாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்குக்கூட ஒரு நிமிஷம் கொடுத்ததில்லை.

"புதுசா வந்தவனுங்க. யாரு அனுப்பி வெச்சான்னு தெரியாது."

பழைய பதினொரு பேரும் ஓடி ஓடி நாக்குத் தள்ளிப்போனார்கள். களைப்பைக் காட்டும் பச்சைக் கோடு ஒவ்வொருவன் பெயருக்குப் பக்கத்திலும் தேய்ந்து சிவப்பாகிவிட்டது. நான் சுட்டிக்காட்டினேன். "நடிப்பு" என்றார். முதல் சீசனில் லீக்கை விட்டே வெளியேறாமல் மயிரிழையில் தப்பிய டீம், இரண்டாவது சீசனில் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சமயத்தில்தான் ஆலை வாசலில் தானாகத் திறக்கும் கம்பியும் நாலு கேமராவும் வந்தன. ஜாகா தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனிடம் கேட்டால், "கேமராவ யாரு பாத்துக்குவா?" என்று மட்டும் கேட்பார். மற்ற நாட்களில் பனியனோடு வாசலில் உட்கார்ந்து, போகிற மோட்டோர்களின் நம்பரை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டுவது சனிக்கிழமை மட்டும்தான்.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. கேமில் கிளப் முதலாளிகளிடமிருந்து ஒரு கடிதம்: இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் டீமும் தப்பும், மேனேஜரும் தப்புவார். இல்லையென்றால் உங்கள் சேவை தேவையில்லை. அண்ணன் அதை என் கடையில் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தார்.

"வேலைய விட்டுத் தூக்கிட்டா முடிஞ்சிச்சு. இன்னொரு கிளப்புக்கெல்லாம் போறதா இல்ல. பெட்டிய மகன்கிட்டயே அனுப்பிருவேன்."

"இன்னொரு தடவ மொதல்லேருந்து ஆடலாமேண்ணே?"

"எந்த மேனேஜருக்கு இன்னொரு தடவ குடுத்தான்?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் நடக்கவில்லை. மழை என்றார். ஒரு தூறல்கூட இல்லை. அடுத்த வாரம் புகைமூட்டம், பந்து தெரியாது என்றார். நான் தெருவுக்கு வந்து பார்த்தேன். வானம் கழுவி விட்டது போல இருந்தது. பொய் சொல்கிறவர் யார்? ஊரில் எவன் பொய் சொன்னாலும் மோப்பம் பிடிக்கிற ஜாகா! அவர் பயந்துபோயிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் பார்க்காத நேரத்தில் நானே போய் அந்த ஆட்டத்தை ஆடி ஜெயித்து வைத்துவிடலாமா என்று ஒரு எண்ணம்கூட வந்தது. வருகைப் புத்தகத்தை நினைத்து விட்டுவிட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை, பக்கத்து டவுன் ஜாசினில் ஒரு கடைக்கு ஜாகா வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனார். மாலையில் எனக்குப் போன் வந்தது.

"ஒடனே வா. ஐ.சி.யோட வா."

போனேன். கையெழுத்துப் போட்டேன். முக்காலியில் உட்கார வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே என் முகத்தில் டோர்ச் அடித்தார். டிவியில் ஆட்டம் முடிந்த கணக்கு, மூன்று மணி என்ற நேரத்தோடு நின்றது. ஜாகா டீம் இரண்டு, எதிர் டீம் ஒன்று. டீமும் தப்பியது, மேனேஜரும் தப்பினார்.

"அண்ணே! ஜெயிச்சிட்டீங்க!"

"நான் ஜெயிக்கல. நான் ஜாசின்ல இருந்தேன். மூணு மணிக்கு நீ எங்க இருந்த?"

"கடையில."

"சாட்சி?"

எனக்கு வந்ததே கோபம். இரண்டு வருஷமாக இந்த மனிதருக்குக் கண்ணாடி துடைத்தே என் கை தேய்ந்திருந்தது. "அண்ணே, ஒங்க டீமு ஜெயிச்சா எனக்கென்ன, தோத்தா எனக்கென்ன? அக்கா வீட்டுலதான இருந்தாங்க, அவங்களக் கேளுங்க!"

"அவளயா? டிவி பக்கமே வர மாட்டா. கண்ட்ரோலரு அலமாரியில பூட்டியிருந்திச்சு. சாவி சாமி படத்துக்குப் பின்னால. எனக்கு மட்டும்தான் தெரியும்."

சாமி படத்தில் அன்றைய மல்லிகை வாடாமல் இருந்தது. தினமும் படத்தைத் துடைத்துப் பூ வைப்பது யார் என்று, பத்தொன்பது வருஷம் லோரிக்கு அடியில் பார்த்த மனிதர் ஒரு தடவைகூட யோசித்ததில்லை போலும்.

"இதப் பாரு" என்று டீம் லிஸ்டைத் திரையில் கொண்டுவந்தார். "ஆட்டம் தெரிஞ்சவன் செஞ்ச வேலையா இது? பெஞ்சுல இருந்த ஏழு பேரயும் மொதல்ல எறக்கியிருக்கான். பழைய ஆளுங்கள்ல பச்சக் கோடு கொஞ்சம் மிச்சம் இருந்த நாலு பேர மட்டும் சேத்திருக்கான். மத்தவனையெல்லாம் பின்னாடி உக்கார வெச்சிருக்கான். எவனாச்சும் இப்படி எறக்குவானா?"

எறக்குகிற ஆள் ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. மாரியம்மன் கோயில் அன்னதானத்தில் கரண்டியோடு வாசலில் நிற்பது பாக்கியம் அக்காதான். கோயில் தலைவர் குடும்பமே வந்தாலும், முன்னாடியே வந்து காத்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் முதல் பந்தி. அண்ணனுக்கும் அது தெரியும். பெயர்களை மறுபடி ஒரு தரம் மேலிருந்து கீழே படித்தார். டோர்ச்சை அணைத்தார். மெல்லச் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஆமா, நான்தான். ரெண்டு வருஷமா அப்படியே உக்காந்திருக்குதுங்க. ஒருத்தராச்சும் வான்னு கூப்பிட்டாங்களா? பாவமா இல்ல? ஓடுன புள்ளைங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா?"

"ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" விசாரணை இன்னும் முடியவில்லை.

"வாரா வாரம் தே-ஓ கொண்டாந்து வெச்சேனே, கண்ண மூடிக்கிட்டா வந்தேன்?"

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. "இது செல்லாது. மேனேஜரு இல்லாம யாரோ ஆடுன ஆட்டம். நெசத்துல இப்படி நடக்காது. நானே ராஜினாமா எழுதி வெச்சிட்டு, பெட்டியக் கட்டி அனுப்பிர்றேன்" என்று சொல்லிக் கண்ட்ரோலரைக் கையில் எடுத்தார்.

அக்கா அந்தச் சாக்பீஸ் கோட்டை முதல் முறையாக மிதித்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றார்.

"ஒரு எடத்துல ஒங்களப் போகச் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து நீங்க ஒக்காந்திருந்ததப் பாத்தேன். இன்னொரு எடத்துலயும் சொல்லி, அதயும் நான் பாக்கணுமா? என்னால முடியாதுங்க."

ஜாசின் கடையிலும் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பது அண்ணன் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. கண்ட்ரோலரைக் கீழே வைத்தார். பிறகு டிவியிடம் சொல்வது போலச் சொன்னார்.

"நெசத்துலயும்... மேனேஜரு வர முடியாத அன்னிக்கு அசிஸ்டன்ட் மேனேஜரு டீம எறக்கலாம். அது உள்ளதுதான்."

"அப்புறம் என்னண்ணே?" என்றேன் நான், பாய்ந்து.

"அசிஸ்டன்ட்டுன்னு எழுத்துல ஒண்ணும் இல்லையே" என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் நான் கடையைத் திறப்பதற்குள் வந்து நின்றார். அக்காவின் ஐ.சி.யை முன்பக்கம் பின்பக்கம் காப்பி எடுக்கச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, பாக்கியம் அக்காவை அசிஸ்டன்ட் மேனேஜராக நியமிக்கும் கடிதத்தை வரிவரியாகச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். மேனேஜர் இல்லாத நாளில் டீமை இறக்கும் முழு அதிகாரமும் அவருக்கு உண்டு. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தார்.

"தேதி என்ன போடட்டும்ணே? இன்னிக்கா?"

அண்ணன் எழுந்து போய் வாசலில் நின்று தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். திரும்பி வந்து என் காதருகே குனிந்தார். அவருடைய குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"வெள்ளிக்கெழமன்னு போடு."

ஆட்டம் நடந்தது சனிக்கிழமை. ஆயுசில் ஒரு பொய்க் கணக்கை எழுதாத, எழுத விடாத மனுஷன், மனைவிக்காகத் தேதியைத் திருத்தினார். நான் ஒன்றும் கேட்காமல் வெள்ளிக்கிழமை என்று அடித்துக் கொடுத்தேன்.

இப்போது மூன்றாவது சீசன் ஓடுகிறது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு டிவிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள், பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில் வாரம் தவறாமல் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். இதுவரை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால், யார் சொல்லச் சொன்னது என்று கேட்டு என்னை முக்காலியில் உட்கார வைத்துவிடுவார்.