கல்லுக்கு வந்த வேலி

ஒரு மனிதரின் பொதுவாழ்வை அவர் முடித்து வைத்த வேலைகளைக் கொண்டு அளப்பது அநியாயம். தொடங்கி வைத்தவற்றைக் கொண்டுதான் அளக்க வேண்டும். அப்படி அளந்தால், முன்னாள் மாகாணசபை உறுப்பினர் தவராசா அவர்களுக்கு வன்னியில் ஈடு இல்லை. சபையின் காலம் முடிந்து வருசக்கணக்காகிறது. புதுத் தேர்தல் வருகுது, வருகுது என்கிறார்களே தவிர வந்தபாடில்லை. சபை இல்லாமலே உறுப்பினராக இருக்கலாம் என்று நாட்டுக்குக் காட்டியவர் அவர். பெயர்க்கல்லில் "முன்னாள்" என்பதை மட்டும் எறும்பளவில் வெட்டச் சொல்லுவார்.

ஒட்டுசுட்டானுக்கு அங்கால், காட்டோரக் கிராமமொன்றில் யானை வேலிக்கு அடிக்கல் நாட்ட அவர் வந்தபோது, ஆரத்தித் தட்டோடு நின்றவள் தேனுகா. உயர்தரப் பரீட்சை எழுதிப்போட்டு வீட்டில் இருக்கிறவள். ஊரில் எந்த விழாவென்றாலும் தட்டு அவள் கையில்தான். விழாக்களில் அவளுக்கு ஒரு சதத்துக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் பக்கத்திலேயே தாய் சிவலட்சுமியின் வயல் கதிர் தள்ளி நின்றது. போன காலபோக விளைச்சல் முழுக்க யானையோடு போனது. இந்த முறையும் போனால் வீட்டில் உலை வைக்க நெல் இல்லை.

"வேலி எப்ப ஐயா வரும்?"

"முதல்ல கல்லு, பிறகுதான் வேலி. படிச்ச பிள்ளை, உனக்குச் சொல்லித்தர வேணுமே?"

அந்தக் கிழமையே யானை வந்தது. வயலில் ஒரு மூலையைத் தின்றது. போகிற வழியில் கல்லில் முதுகைத் தேய்க்க, கல் சரிந்தது. விடிய தேனுகா ஐயாவுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தாள்.

"ஐயா, யானை எங்கட வயலை அழிச்சுப்போட்டுது."

"அடடா... பாப்பம் பிள்ளை, கதைக்கிறன்."

"கல்லையும் விழுத்திப்போட்டுது."

"என்ன! என்ர பேர் உடைஞ்சதோ?"

மத்தியானத்துக்குள் வாகனங்கள் வந்துவிட்டன. அதிகாரிகள் கல்லைச் சுற்றி நின்று ஆழ்ந்து ஆராய்ந்தார்கள். யானை வேலியின் அடிக்கல்லுக்கே யானையால் அச்சுறுத்தல் இருப்பதால், வேலி வேலை தொடங்கும்வரை கல்லைப் பாதுகாக்க உடனடியாக ஒரு யானை வேலி அமைப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. சோலர் தகடு, பற்றரி, கம்பி எல்லாம் வந்து இறங்கின. கல்லைச் சுற்றிக் கட்டிலளவு இடத்துக்கு மின்வேலி எழும்பியது.

யானை திரும்ப வந்தது. வேலியைப் பார்த்து மரியாதையாக விலகி, வயலுக்குள் இறங்கியது. தேனுகா திரும்பவும் கோல் எடுத்தாள்.

"ஐயா, கல்லு சுகமாய் இருக்குது. நாங்கள்தான் வெளியில நிக்கிறம்."

"வேலி வேலை செய்யுதோ இல்லையோ?"

"செய்யுது."

"அப்ப திட்டம் வெற்றி, பிள்ளை."

தேனுகாவுக்கு அப்போதுதான் மூளை ஓடியது. "ஓம் ஐயா, வெற்றிதான். ஆனா உங்கட பேர் றோட்டோரத்தில கிடக்கிறதைப் பாக்கக் கவலையாய் இருக்கு. எங்கட வயலுக்கு நடுவில வையுங்கோ. வேலியையும் கொஞ்சம் அகட்டிப் போடுங்கோ. திறப்பு விழாவெண்டா பந்தல், கதிரை, வாகனம் எல்லாத்துக்கும் இடம் வேணுமெல்லே?"

ஐயா உருகிப்போனார். "உன்னை மாதிரிப் பிள்ளையள்தான் அரசியலுக்கு வரவேணும்."

கல் நடுவயலுக்குப் போனது. வேலி வரம்போடு வரம்பாக வயலைச் சுற்றி வந்தது. யானை வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனது. நெல் முற்றியது. "அரசியல் எண்டா இவ்வளவுதான்" என்று தேனுகா சைக்கிளில் ஊரெல்லாம் போய்ப் பெருமை அடித்தாள்.

அறுவடை மெசின் பூநகரிப் பக்கம் நின்றது, வர இன்னும் ஒரு கிழமை. ஐயாவின் திறப்பு விழாவுக்கோ சுபநேரம் அதற்கு முதலே குறித்தாயிற்று.

பந்தல் வந்தது, கதிரை வந்தது, வாகனங்கள் வந்தன. அவள் கேட்டபடியே எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. ஊரும் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டுப் பார்சலுக்காக வேட்டி கட்டி, சீலை உடுத்தி வந்து, நெல்லுக்கு மேல் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தது. ஐயா நாடா வெட்டினார். எல்லாரும் எழும்பி நின்று, இன்னொருக்கால் நன்றாக மிதித்துக் கை தட்டினார்கள்.

சிவலட்சுமி காலடியில் நசிந்து கிடந்த நெல்லைப் பார்த்தாள். "யானையெண்டா கொஞ்சம் மிச்சம் விட்டிருக்கும், பிள்ளை."

தேனுகா ஆரத்தித் தட்டை நேராகப் பிடித்தாள். கல்லின் அடியில், எறும்பளவு எழுத்தில், அவளுடைய பெயரையும் வெட்டியிருந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ," என்றாள். "போட்டோவில என்ர பேர் மறையுது."