மரங்கொத்தி டீச்சரும் கடல்பாசி மூளையும்

ஓடும் மும்பை லோக்கல் ரயிலின் இரும்புத் தடுப்பில் வேண்டுமென்றே நெற்றியை இடித்துக் காட்டி, அதற்குக் கைத்தட்டலும் வாங்கிய பெண் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் மரங்கொத்தி டீச்சர்.

டோம்பிவிலியில் என்னோடு ஸ்லோ வண்டி ஏறி, மாட்டுங்காவில் என்னோடு இறங்குவார். அங்கே ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர், தற்காலிக வேலை. லேடீஸ் பெட்டியில் மற்றவர்கள் பீன்ஸ் நறுக்குவார்கள், பஜனை பாடுவார்கள், மருமகளைத் திட்டுவார்கள். இவர் மரங்கொத்தியைப் பற்றிப் பேசுவார். மற்ற பறவைகளை அவர் மதித்ததே இல்லை. மயிலைக்கூட, "சும்மா டிரெஸ் போட்டுக்கிட்டுத் திரியுது" என்பார்.

"நேரா இடிக்கணும். கழுத்தைத் திருப்பக் கூடாது. இடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கண்ணை மூடிக்கணும். அதுக்கு மூணாவதா ஒரு இமை இருக்கு."

"நமக்கு இல்லையே டீச்சர்?"

"நமக்கு அறிவு இருக்கு. இடிக்காம இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ணங்கென்று இடித்தார்.

கூட்டத்தில் நிற்பதற்கும் மரங்கொத்திதான் வழிகாட்டி. அது வாலை மரத்தில் ஊன்றித்தான் நிற்குமாம். ஆகவே இரண்டு கால், ஒரு முதுகுப் பை என மூன்றையும் ஊன்றி, குர்லா கூட்டத்திலும் கம்பியைத் தொடாமல் நிற்பார். ஒருநாள் அதன் நாக்கு எலும்பு வாயிலிருந்து கிளம்பி, மண்டையின் பின்பக்கம் சுற்றி, உச்சி வழியாக மூக்கு வரைக்கும் வரும் என்பதை விளக்க, என் துப்பட்டாவை எடுத்து என் தலையிலேயே சுற்றினார். அந்த நேரம் பார்த்துத் தாணே வந்துவிட்டது. ஏறிய ஓர் அம்மா என்னைப் பார்த்துப் பதறி, "பல் வலியா மகளே?" என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். நான் மறுக்கவில்லை. தாணேயில் கிடைத்த சீட்டை மறுப்பவர் மும்பைக்காரரே அல்ல.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கெத்தில் ஒருநாள் சொன்னேன்: "அதோட மண்டையில ஸ்பாஞ்சு மாதிரி எலும்பு இருக்கு டீச்சர். அதான் அடி உள்ளே போறதில்லை. நான் படிச்சிருக்கேன்."

டீச்சரின் முகம் பிரகாசமாகிவிட்டது. "ஊரே அப்படித்தான் படிச்சிருக்கு! பாத்திமா, உங்க பட்டறையில சுத்தியலுக்கு ஸ்பாஞ்சு கட்டி ரிவெட்டு அடிப்பீங்களா?"

பாத்திமாக்கா மும்ப்ராவில் ஏறுபவர். தாராவியில் அவர் வீட்டுக்காரருக்குத் தோல் பை பட்டறை. "அடிச்சா ரிவெட்டு எங்க எறங்கும்? ரெண்டு மடங்கு ஓங்கி அடிக்கணும். கைதான் வீங்கும்."

"அதேதான்! கொத்தும்போது படம் பிடிச்சு மெதுவா ஓட்டிப் பாத்திருக்காங்க. அலகு நிக்கும்போதே மண்டையும் நிக்குது. மெத்தையே இல்லை. முழுத் தலையும் சுத்தியல்."

"அப்ப மூளை கலங்காதா?"

"மூளை சின்னது. சின்னது தாங்கும்."

பாத்திமாக்காவின் காய்ப் பையிலிருந்து டீச்சர் ஒரு தக்காளியையும் ஒரு சுண்டைக்காயையும் எடுத்துக் கீழே போட்டார். தக்காளி ஒரு வங்கி அதிகாரியின் செருப்பில் சிதறியது. சுண்டைக்காய் உருண்டு ஓடியது.

பாத்திமாக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "தக்காளி பழம், சுண்டைக்கா காயி. இது என்ன நியாயம்? ரெண்டும் ஒரே பண்டமா இருக்க வேண்டாமா?"

டீச்சர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இதெல்லாம் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பள்ளியில் நிரந்தர வேலைக்கு ஓர் இடம் வந்தது. கமிட்டி முன்னால் மாதிரிப் பாடம் எடுக்க வேண்டும். டீச்சர் எடுத்துக்கொண்ட தலைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், கமிட்டியின் தலைவரான தாளாளர், "மரங்கொத்தியின் மண்டையில் ஸ்பாஞ்சு, மாணவர்களே, உங்கள் மனத்தில் பொறுமை!" என்று ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் முழங்குபவர்.

"டீச்சர், அன்னைக்கு ஒருநா மட்டும் ஸ்பாஞ்சு இருக்குன்னு சொல்லிருங்களேன்" என்று கெஞ்சினார் பாத்திமாக்கா. "வேலை கெடைச்சப் பொறவு எடுத்துப்புடலாம்."

"பிள்ளைங்க முன்னாடியா? நான் மாட்டேன்."

"அப்ப ஒழுங்கா நிரூபிங்க. பண்டம் நான் கொண்டாரேன்."

மாதிரிப் பாடத்தன்று பாத்திமாக்கா ஒரு டப்பாவோடு ஏறினார். நோன்பு திறக்கச் செய்யும் கடல்பாசி, ஜெல்லி மாதிரி ஆடும் இனிப்பு. தேங்காய் அளவில் ஒன்று, நெல்லிக்காய் அளவில் சில. எல்லாம் ஒரே பானையில் காய்ச்சியது. தாராவிக்குப் போக சயானில் இறங்க வேண்டியவர், இறங்கவில்லை. மாட்டுங்காவில் டப்பா முதலில் இறங்கட்டும் என்று தலைக்கு மேலே கைமாற்றி விட்டார்.

"சம்பால்கே! பேஜா ஹை, பேஜா!"

சம்பால்கே என்றால் பத்திரம், பேஜா என்றால் மூளை. "மட்டன் கா?" ஆட்டு மூளையா என்று ஒரு குரல் ஆவலாகக் கேட்டது.

"நஹீ, டீச்சர் கா!"

டப்பா குலுங்காமல் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் வண்டியில் டீச்சரே சொன்னார். மேஜை உயரத்திலிருந்து பெரியது விழுந்து நொறுங்கியதாம். சின்னது துள்ளி உட்கார்ந்ததாம். பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பே வந்துவிட்டதாம். தாளாளர் மட்டும், "அப்போது மூளைக்கு ஒன்றுமே ஆகாதா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் உள்ளதைச் சொன்னேன். 'அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது சார்'னு."

"பொறவு?"

"வேற ஒருத்தரை எடுத்துட்டாங்க. மிச்சக் கடல்பாசி பூராவும் கமிட்டி சாப்பிட்டுது. ரொம்ப நல்லா இருந்துச்சாம்."

"மூளையைத் தின்னுட்டு வேலையக் குடுக்கலையா!" என்று பாத்திமாக்கா போட்ட சத்தத்தில் பஜனை நின்றுவிட்டது. டீச்சர்தான் முதலில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

ஜூனில் அவருக்குக் கோபர்கைரனேயில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது, நிரந்தரமாக. இப்போது தாணேயிலேயே இறங்கி வண்டி மாறிவிடுகிறார். பாத்திமாக்கா ஏறும் மும்ப்ராவிலிருந்து தாணேக்கு வருவதற்குள் மரங்கொத்தியின் அலகைக்கூடச் சொல்லி முடிக்க முடியாது.

பாத்திமாக்கா இப்போது காலையில் மும்ப்ராவிலிருந்து எதிர்த்திசை வண்டியில் டோம்பிவிலிக்கே வந்து, அங்கிருந்து எங்களோடு ஏறுகிறார். சீட் பிடிப்பதற்காகப் பலரும் செய்வதுதான். கேட்டால், "சீட்டுக்குத்தான் வாரேன், வேற என்னத்துக்கு?" என்கிறார். சீட்டும் கிடைக்கிறது. ஆனால் தாணே வரும்வரை டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டேதான் வருகிறார்.