விமானம் கப்பலேறிய வைபவம்

உலகில் தராசு கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து மனித குலம் எதையெதையோ ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. ஆனால் ஒப்பிடுதல் என்னும் அருங்கலை தன் சிகரத்தை எட்டியது கடற்படைத் தலைமை அலுவலகத்தின் நான்காம் மாடியில், குளிர்சாதனம் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும் ஓர் அறையில்தான் என்பதை எதிர்காலம் ஒப்புக்கொண்டே தீரும். ‘கப்பலேறு போர்விமான ஒப்பாய்வு உயர்மட்டக் குழு’ அங்கேதான் பதினோரு ஆண்டுகள் கூடியது. சும்மா கூடவில்லை, குறிப்பெடுத்துக்கொண்டு கூடியது.

நாட்டிடம் இருந்தது ஒரே ஒரு விமானந்தாங்கிக் கப்பல். அதற்கு மூன்று விமானங்கள் போட்டியிட்டன. பாரபட்சம் தலைகாட்டிவிடக் கூடாது என்று குழு அவற்றின் பெயர்களை நீக்கிவிட்டு அ, ஆ, இ என்று அழைத்தது. அ-விமானத்துக்கு ஒரே எஞ்சின், குட்டையான தடித்த கால்கள், மடங்கும் இறக்கை. பார்க்க லட்சணம் போதாது. ஆ-விமானத்துக்கு இரண்டு எஞ்சின், ஒலியைத் தோற்கடிக்கும் வேகம், நீண்ட அழகிய இறக்கை, அது மடங்காது. இ-விமானம் நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாகக் கிளம்பும். கிளம்பும்போது கப்பலின் தளத்தை அடுப்பாக்கிவிடும் என்று இருபத்தேழாவது கூட்டத்தில் அதைக் கழித்துக்கட்டினார்கள்.

மிஞ்சிய இரண்டையும் நானூற்றுப் பன்னிரண்டு அளவுகோல்களால் ஒப்பிட்டார்கள். வேகம், உயரம், ரேடார், ஏவுகணை எல்லாம் உண்டு. ‘எதிரி முதன்முதலாகப் பார்க்கும்போது அடையக்கூடிய மனநிலை’ என்று ஒன்று உண்டு. ‘அணிவகுப்புப் புகைப்படத்தில் தோற்றம்’ என்பதற்கு இரட்டை மதிப்பெண். ஆ-விமானம் எல்லாவற்றிலும் வென்றது. குழுத்தலைவர் கண் கலங்கினார். கப்பலைப் பற்றி அளவுகோல் ஏதும் இல்லையே என்று யாரும் கலங்கவில்லை.

இந்த மகத்தான அறைக்குள் லிஃப்டம்மா நுழைந்தது ஒரு பொம்மையைப் பழுது பார்க்க.

லிஃப்டம்மா கப்பலின் ஃபிட்டர். விமானங்களை மேல்தளத்திலிருந்து அடித்தளக் கொட்டகைக்கு இறக்கி ஏற்றும் ராட்சத லிஃப்ட் இருபத்திரண்டு வருடங்களாக அவள் பொறுப்பில் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. நான்காம் மாடியில் அமைச்சருக்குக் காட்டுவதற்காக மூன்று கட்டில் நீளத்துக்குக் கப்பல் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். அதிலிருந்த குட்டி லிஃப்ட் சிக்கிக்கொண்டது. “பெரிய லிஃப்ட்டைப் பார்க்கறவங்களுக்கு இது எம்மாத்திரம்?” என்று அவளை வரவழைத்தார் குழுவின் செயலர்.

ஒரு திருகாணியை முறுக்கியதும் குட்டி லிஃப்ட் வேலை செய்தது. ஆ-விமானத்தின் விற்பனைப் பிரதிநிதி, கோட்டுக்காரர், தன் பொம்மை விமானத்தை அதில் வைத்தார். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. குழு கைதட்டியது.

லிஃப்டம்மா கைதட்டவில்லை. கப்பல் தளத்தில் ஒரு பொம்மை மாலுமி நின்றான். விமானத்துக்குள் ஒரு பொம்மை விமானி உட்கார்ந்திருந்தான். மாலுமி நினைத்தால் விமானியைத் தூக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

“சார், இந்த மாலுமி ஏன் விமானியைவிட ரெண்டு மடங்கு உயரமா இருக்கான்?”

“நம்ம மாலுமிகளோட உயர்ந்த நிலையை அது குறிக்குது” என்றார் தலைவர்.

“கப்பல் பொம்மை ஐம்பதுல ஒரு பங்குன்னு அடியில எழுதியிருக்கு. விமானத்துல நூறுல ஒரு பங்குன்னு எழுதியிருக்கு.”

“நூறு பெருசுதானே?” என்றார் செயலர்.

“பங்குன்னா சின்னது சார்.”

கோட்டுக்காரர்தான் முதலில் சுதாரித்தார். “இறக்கை மடங்காததுதான் எங்க சிறப்பே. மடங்காத இறக்கை, மடங்காத வீரம்!” என்றார். தலைவர் அதை உடனே குறித்துக்கொண்டார். லிஃப்டம்மாவுக்கு ஒரு கோப்பை காபி கொடுத்து வழியனுப்பி வைத்தார்கள்.

வீட்டில் இதைப் பேச முடியாதபடி ஒரு சங்கடம். ஆ-விமானத்தைக் கப்பலில் முதன்முதலாக இறக்கப் போகும் விமானி அவளுடைய ஒரே மகள். கரையிலுள்ள பயிற்சித் தளத்தில் மூன்று மாதமாக அதை ஓட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் கரண்டியை இறக்கை மாதிரி சாய்த்துக்கொண்டுதான் பேசுவாள்.

“அம்மா, நீ அதை ஒரு தடவை பார்க்கணும். ஒலியைவிட ரெண்டு மடங்கு வேகம் போகும்.”

“போகட்டும். போயிட்டு வந்து எங்க நிக்கும்?”

“கீழ கொட்டகையில.”

“எப்படி?”

“உன் லிஃப்ட்லதான்.”

“அதோட இறக்கை ஒரு முனையிலேர்ந்து மறு முனைக்கு எவ்வளவு பாப்பா?”

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். “பத்தே முக்கால் மீட்டருக்கு மேல இருக்கும். பதினொண்ணு வராது. ஏம்மா?”

மறுநாள் காலை லிஃப்டம்மா டேப்பை எடுத்தாள். தன் லிஃப்ட் எவ்வளவு அகலம் என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இருந்தாலும் மூன்று முறை அளந்தாள். பத்து மீட்டர் பத்து சென்டிமீட்டர். பிறகு, கிரேன் வைத்துத் தூக்கி மேல்தளத்தில் காட்சிக்கு நிறுத்தியிருந்த முதல் ஆ-விமானத்தை அளந்தாள். பத்து மீட்டர் தொண்ணூறு. எண்பது சென்டிமீட்டர் இடித்தது.

லிஃப்ட்டில் இறங்காத விமானம் மேல்தளத்திலேயே நிற்கும். மேல்தளத்தில் நிற்கும் விமானம் இறங்குபாதையை மறிக்கும். கப்பலில் இறங்குவது என்பது உண்மையில் இறங்குவது அல்ல. பதினைந்து டன் எடையோடு விழுந்து, வால் கொக்கியால் கம்பியைப் பிடித்து நிற்பது. அப்படி விழப்போவது அவள் பெற்ற பெண்.

அன்று மதியமே நான்காம் மாடிக்கு ஓடினாள். அவள் சொன்னதைக் குழு மிகுந்த பொறுப்புணர்வோடு கேட்டது.

“நீங்க அளந்த டேப்புக்குச் சான்றிதழ் இருக்கா?” என்றார் செயலர்.

“கடையில வாங்கினது சார்.”

“பாருங்க. எங்க ஆய்வறிக்கை மூவாயிரம் பக்கம். உங்க டேப் அஞ்சு மீட்டர்தான்.”

“சார், விமானம் உள்ள போகாது. அவ்வளவுதான் நான் சொல்றது.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா, புள்ளிக்குப் பின்னால வர்றதெல்லாம் கீழ்மட்ட அலுவலர்களோட கவலை. உயர்மட்டக் குழு புள்ளிக்கு முன்னாலதான் பார்க்கும். லிஃப்ட் எத்தனை மீட்டர்? பத்து. விமானம்? பத்து. பத்துக்குப் பத்து! இதைவிடப் பொருத்தம் வேணுமா?”

“புள்ளிக்குப் பின்னாலதான் சார் இறக்கை இருக்கு.”

“கொஞ்சம் கோணலா வெச்சா?” என்றார் செயலர்.

“கொஞ்சம் உந்தினா?” என்றார் கோட்டுக்காரர். அவர் இன்னும் அறைக்குள்தான் இருந்தார். பதினோரு ஆண்டுகளாக அங்கேதான் இருந்தார்.

“அ-விமானத்தோட இறக்கை மடங்குமே சார்?” என்றாள் லிஃப்டம்மா கடைசியாக.

தட்டிப்போன சம்பந்தத்தின் பெயரைக் கல்யாண வீட்டில் எடுத்தது போல எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டில் மகளிடம் சொன்னபோது, “பாதை காலியா இருந்தாத்தாம்மா பச்சை விளக்கு காட்டுவாங்க” என்று அவள் தைரியம் சொன்னாள்.

வைபவ நாள் வந்தது. கப்பல் கரையிலிருந்து இருபது மைல் தள்ளி நின்றது. மேல்தளத்தில் கம்பளம், வாத்தியக் குழு, தொப்பியணிந்த அமைச்சர். நிகழ்ச்சி நிரல் எளிமையானது: அமைச்சர் முதல் ஆ-விமானத்தைப் பார்வையிடுவார், அது லிஃப்ட்டில் கம்பீரமாகக் கீழே இறங்கும், காலியான பாதையில் இரண்டாவது ஆ-விமானம் வந்து இறங்கும், பாட்டு.

பார்வையிடுதல் சிறப்பாக நடந்தது. “உள்ள எத்தனை பேர் உட்காரலாம்?” என்று கேட்டார் அமைச்சர். “ஒருத்தர்” என்றார்கள். “குடும்பத்தோட போக முடியாது போல” என்று வருந்தினார்.

பிறகு விமானத்தை லிஃப்ட்டை நோக்கித் தள்ளினார்கள். லிஃப்டம்மா சாவியோடு லிஃப்ட்டை இயக்கும் பலகை அருகில் நின்றாள். “வேண்டாம் சார்” என்று சொன்னாள். வாத்தியம் சத்தமாக இருந்தது. விமானம் நேராக வந்தது, போகவில்லை. கோணலாகத் திருப்பினார்கள், மூக்கு போனது, இடது இறக்கை ஓர் இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டது. பின்னால் இழுத்தார்கள், வரவில்லை. மூக்கு லிஃப்ட்டிலும் வால் இறங்குபாதையின் நட்டநடுவிலுமாக, வாசற்படியில் சிக்கிய பீரோ மாதிரி நின்றது மடங்காத வீரம்.

அப்போது தளக் கண்காணிப்பாளரின் வானொலிப் பெட்டியில் மகளின் குரல் கேட்டது. “நாலு நிமிஷத்துல இறங்கறேன்.”

லிஃப்டம்மா அவரிடம் பாய்ந்தாள். “அவளை வர வேண்டாம்னு சொல்லுங்க!” என்றாள்.

கண்காணிப்பாளர் நல்ல மனிதர், வியர்த்துக் கொட்டியது. “எனக்கு மட்டும் ஆசையா? தலைவர் உத்தரவு இல்லாம பச்சை விளக்கை மாத்தக் கூடாதும்மா.”

தலைவரிடம் ஓடினாள். அவர் அமைச்சரின் காதருகே இருந்தார். “இப்ப ‘இறங்காதே’ன்னு சொன்னா, இறங்க ஏத்ததுன்னு பதினோரு வருஷம் எடுத்த முடிவுக்கு முரணா ஆயிடும். குழு கூடித்தான் முடிவு பண்ணணும்” என்றார். செயலர் இரண்டு உறுப்பினர்கள் வரவில்லை என்றும், போதிய எண்ணிக்கை இல்லையென்றும் கவலையோடு சொன்னார்.

“ரெண்டு நிமிஷம்” என்றது பெட்டி. தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. லிஃப்டம்மா திரும்பி ஓடிவந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

“பாப்பா, அம்மா பேசறேன்.”

பெட்டி கரகரத்தது. “அம்மா? இந்த லைன்ல நீ எப்படி வந்த?”

“அதை வீட்ல சொல்றேன். எறங்காத. மேல போ.”

“எனக்குப் பச்சை விளக்கு தெரியுதேம்மா.”

“பச்சை விளக்கு குழுவோடது. நான் உன் அம்மா. மேல போ!”

லிஃப்டம்மா ஒலிவாங்கியை விடாமல் வானத்தையே பார்த்தாள். பிறகு அந்தப் புள்ளி இறக்கை முளைத்து, இரைச்சலாகி, கப்பலின் தலைக்கு மேலே இடியாகப் பாய்ந்து சென்றது. கம்பளம் சுருண்டது. அமைச்சரின் தொப்பி கடலுக்குப் போனது. வாத்தியக் குழுவின் டிரம்மர் படுத்துவிட்டார். விமானம் கரையைப் பார்த்து மறைந்தது.

அமைச்சர் வழுக்கைத் தலையோடு மகிழ்ந்து கைதட்டினார். “அற்புதம்! இது நிகழ்ச்சி நிரல்ல இருக்கா?”

“சிறப்பு வணக்கப் பறப்பு” என்று செயலர் எழுதிக்கொண்டே சொன்னார்.

“விமானம் கப்பலேறலை. மானம் ஏறிடுச்சு” என்று முணுமுணுத்துவிட்டுத் தளக் கண்காணிப்பாளர் தண்ணீர் குடிக்கப் போனார்.

லிஃப்டம்மா லிஃப்ட்டின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டாள்.

இதன்பின் நடந்தவை குழுவின் பெருமைக்கு மேலும் பெருமை. கரையில் நின்றபடியே கப்பலைக் காக்கும் உலகின் ஒரே கப்பல் விமானம் என்று ஆ-விமானம் அறிவிக்கப்பட்டது. தலைவருக்குப் பதக்கம். செயலருக்கு அதைவிடச் சிறிய பதக்கம். சிக்கிய விமானத்தைக் கிரேன் எடுத்தபோது சிதைந்த தூணைப் பற்றி ஆராய ஒரு துணைக்குழு. லிஃப்டம்மாவுக்கு ஒரு பழுப்பு உறை.

அதை மகள்தான் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் படித்தாள். அரசு அலைவரிசையில் ஓர் அதிகாரியைப் ‘பாப்பா’ என்று அழைத்தது முதல் குற்றம். பதினோரு ஆண்டுகளாகப் பொருந்தியிருந்த விமானமும் லிஃப்ட்டும் அவள் அளந்த நாள் முதல் பொருந்தாமல் போயின என்பதால், பொருத்தத்துக்குக் குந்தகம் விளைவித்தது இரண்டாவது.

“நான் வந்து பேசறேன்மா. இவனுங்களை...” என்று எழுந்தாள் மகள். பிறகு உட்கார்ந்தாள். “அருமையான விமானம்மா அது.”

“யார் இல்லைன்னா? எனக்கும் அதுமேல கோபம் இல்லை. நீ சாப்பிடு.”

உறைக்குள் கடைசித் தாளில் ஒரே ஒரு கேள்வியும், அதற்குக் கீழே நான்கு வரிக்கு இடமும் இருந்தன. ‘லிஃப்ட்டை அளக்குமாறு தங்களுக்கு உத்தரவிட்டது யார்?’

லிஃப்டம்மா பேனாவை வாங்கி நிதானமாக எழுதினாள்: “யாரும் உத்தரவிடவில்லை. பதினோரு வருடங்களாக யாரும் யாருக்கும் உத்தரவிடவில்லை. இந்தப் பதிலையே என் புகாராகப் பதிவு செய்துகொள்ளவும்.”