பொட்டு சாரும் ஐந்தாம் நிலைப் புத்தகமும்

கோயமுத்தூர் மாவட்டத்திலேயே அதிகமாக ஸ்டிக்கர் பொட்டு வாங்கிய ஆண்பிள்ளை எங்கள் பொட்டு சார்தான். எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் நின்று இதைச் சத்தியம் செய்வேன். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். தன் நெற்றியில் திருநீறுகூட வைக்க மாட்டார். ஆனால் வாரம் தவறாமல் தொண்டாமுத்தூர் பேன்ஸி ஸ்டோரில் போய் நின்று, அட்டை அட்டையாகப் பொட்டு வாங்கி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருவார்.

கடைக்கார அக்கா ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்.

“ஏனுங்க சார், ஊட்டுல எத்தன பொம்பளப் புள்ளைங்க?”

“நாலாயிரம்ங்க.”

“ஐயோ சாமி!”

“அதுல பாதிக்கு முதுகு பிஞ்சுபோச்சுங்க. நாந்தான் பசை தடவி நிறுத்தி வெச்சிருக்கறேன்.”

அந்த அக்கா அதற்குப் பிறகு சார் வந்தால் கல்லாவை விட்டு இரண்டடி தள்ளியே நிற்பார். சார் சொன்னது எங்கள் பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகங்களை. அவர் அங்கே நூலகர். நான் அங்கே ஆயா. பெருக்குவது, டீ கொடுப்பது, பெல் அடிப்பது என் வேலை.

பொட்டு வந்த கதை இதுதான். எங்கள் தாளாளர் அம்மா டவுனில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு ஒரு புது யோசனையோடு திரும்பினார். எல்லாப் புத்தகத்துக்கும் வாசிப்பு நிலை போட வேண்டும். லேசானது ஒன்று, ரொம்பக் கடினமானது ஐந்து, நிலைக்கு ஒரு நிறம், முதுகில் ஒரு வட்டம். எந்தப் பிள்ளை எந்த நிலையோ, அந்த நிறப் புத்தகத்தைத்தான் எடுக்க வேண்டும்.

“அரைப்பரீட்சைக்குள்ள ஒழுங்கா முடிச்சுப்போடுங்க சார். முடியலீன்னா அந்த ரூமைக் கம்ப்யூட்டர் லேபுக்குக் குடுத்தறலாம். நீங்களும் ஊட்டுல ரெஸ்ட் எடுக்கலாம்.”

சாருக்கு உலகத்திலேயே பயமான சொல் ரெஸ்ட்தான். வயசு முடிந்து, வருசத்துக்கு வருசம் நீட்டிப்பு வாங்கிக்கொண்டிருந்தவர். வீடு என்று அவர் சொன்னது ஒரு வாடகை அறை. அதில் படுப்பார், எழுந்திருப்பார், அவ்வளவுதான். மற்றபடி அவர் குடியிருந்தது நூலகத்தில்.

டவுனிலிருந்து வந்த வட்ட லேபிள்களை முதலில் குத்துமதிப்பாக ஒட்டினார். அது ஆடி மாதம். மலைப்பக்கத்துக் காற்று ஜன்னல் வழியாக வந்து ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் பிய்த்துப்போட்டது. மறுநாள் பிள்ளைகளின் தலைமுடியிலும் டிபன் பாக்ஸிலும் முதலாம் நிலை, மூன்றாம் நிலை என்று ஒட்டிக்கொண்டு திரிந்தது. நான் பெருக்கிக்கொண்டே மெல்ல, “பொட்டு ஒட்டுனா உழுகாதுங்க சார்” என்றேன். ஆறு வருசத்தில் அந்த அறைக்குள் நான் பேசிய முதல் வாக்கியம் அது. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலமே பேன்ஸி ஸ்டோருக்குப் போய்விட்டார்.

சிவப்பு, பச்சை, நீலம், மெரூன் என்று நாலு நிலை. ஐந்தாம் நிலைக்கு மட்டும் கல் வைத்த பொட்டு. மத்தியான வெயில் அலமாரியில் விழும்போது அந்தக் கற்கள் மினுங்கும். பகலிலேயே அறைக்குள் நட்சத்திரம் முளைத்த மாதிரி இருக்கும். சரசுவதி பூசைக்குப் பட்டுச்சேலை கட்டி வந்த ஒரு மிஸ், பொட்டு விழுந்துபோனதென்று அலமாரியிலிருந்து ஒன்றைப் பிய்த்து வைத்துக்கொண்டார். எதிரே வந்த சார் அவர் நெற்றியைப் பார்த்துக் கும்பிட்டார்.

“மிஸ், நீங்க அஞ்சாம் நிலைங்க!”

மிஸ் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். ஐந்து என்றால் ரொம்பக் கடினம் என்று அர்த்தம் தெரிந்த பிறகு இரண்டு வாரம் சாரோடு பேசவில்லை.

இது பின்னால் நடந்தது. பொட்டு வாங்கிய புதிதில், எந்தப் புத்தகத்துக்கு எந்தப் பொட்டு என்பதுதான் கேள்வி. மற்ற பள்ளிகளில் கடினமான வார்த்தைகளை எண்ணுவார்களாம். சார் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

“அம்மணி, நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கறீங்க?”

“பத்துங்க சார். அதுலயும் கணக்கு...”

“போதும்ங்க. இப்படி உக்காருங்க.”

ஜன்னலோரம் நாற்காலி போட்டார். எதிரே மலை. கதவுக்கு மேலே கடிகாரம். கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, பென்சிலும் நோட்டுமாக மூலையில் உட்கார்ந்துகொண்டார். படிக்கும்போது நான் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தால் அது அலுப்பு. கணக்கில் வராது. மலையைப் பார்த்தால் கனவு. அதற்கு ஒரு கோடு. கோடு கூடக் கூட நிலை கூடும். இதுதான் அவருடைய அளவுகோல்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இந்த வேலை. பிள்ளைகளின் சத்தம் எங்கோ தூரத்தில் தண்ணீர் ஓடுகிற மாதிரி கேட்கும். மலையின் பாதி உயரத்தில் ஒரு மேகம் வந்து, போக மனமில்லாமல் நிற்கும். நான் எந்தப் பக்கத்தில் இருந்தேன், மலையில் எந்த மேட்டில் இருந்தேன் என்று எனக்கே தெரியாது. மூலையில் பென்சில் மட்டும் சர்ரென்று ஒரு சத்தம் போடும்.

ஒரு நாள் வணிகவியல் புத்தகம் ஒன்றைப் படித்தபோது ஏழு தடவை தலையைத் தூக்கிவிட்டேன். சார் ஆடிப்போய்விட்டார்.

“அம்மணி, இதுல அப்படி என்னுங்க இருக்குது?”

“புத்தகத்துல ஒண்ணும் இல்லீங்க சார். அங்க தென்னந்தோப்புல மூணு ஆனை நிக்குதுங்க.”

எட்டிப் பார்த்தார். நிஜம்தான். உட்கார்ந்து, நோட்டில் ஆனை என்று ஒரு புதுப் பத்தி போட்டு, ஏழு கோட்டையும் கழித்துவிட்டார். மழைக்கும் அதேபோல ஒரு பத்தி இருந்தது. சார் நேர்மையானவர்.

இப்படி அளந்ததில், தூக்க முடியாத கனத்தில் இருந்த வேதியியல் புத்தகம் ஒன்றாம் நிலை ஆனது. கிணற்றுக்குள் நிலா விழுந்துவிட்டதென்று இரவெல்லாம் வாளி விட்டு இறைக்கும் ஒரு கிழவனைப் பற்றிய பதினாறு பக்கப் படப் புத்தகம், கல்பொட்டோடு ஐந்தாம் நிலையில் போய் உட்கார்ந்தது. அதற்கு நான் வாங்கியது இருபத்திரண்டு கோடு.

அதன் பலனை அரைப்பரீட்சைக்கு முன்னால் அனுபவித்தோம். எல்.கே.ஜி. பிள்ளை ஒன்று வேதியியல் புத்தகத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. பத்தாம் வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணின் அப்பா, படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராகத் தாளாளர் அறைக்கு வந்தார்.

“ஏனுங்க, எம்புள்ளைக்கு நெலாப் படம் பாக்கறதுக்கா ஃபீஸ் கட்டறேன்?”

மறுநாளே தாளாளர் அம்மா நூலகத்துக்கு வந்துவிட்டார். கூடவே சரவணம்பட்டிக் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி. அந்தத் தம்பி படப் புத்தகத்தை போனில் படம் பிடித்தார். அடுத்த நொடியில் போனில் வந்ததைப் பார்த்து, “லெவல் ஒன் மேடம்” என்றார்.

“சார், நீங்க எத வெச்சு அஞ்சுன்னு போட்டீங்க?”

சார் நோட்டைத் திறந்து கோட்டுக் கணக்கைச் சொல்லி, என்னைக் கை காட்டினார்.

“எங்க, இப்பப் படிங்க. நானும் பாக்கறேன்” என்றார் தாளாளர் அம்மா.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தால் பல் விளக்கக்கூட வராது எனக்கு. தலையைக் குனிந்தவள் குனிந்தவள்தான். கடைசிப் பக்கம் வரை நிமிரவே இல்லை. மூலையில் பென்சில் சத்தமே கேட்கவில்லை.

“ஒரு கோடும் இல்லீங்களே சார்” என்றார் தாளாளர் அம்மா. கோபமாகக்கூட இல்லை, பாவம் பார்க்கிற மாதிரிதான் சொன்னார். “தம்பியே லேபிள் போட்டுக்கட்டும். இந்த மாசக் கடைசியோட நீங்க ரெஸ்ட் எடுத்துக்குங்க. இந்தப் படப் புத்தகத்த நானு கார்லயே படிச்சு முடிச்சுப்போட்டு அந்த அப்பாகிட்டப் பேசிக்கறேன்.”

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். தம்பியும் பின்னாலேயே போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நாந்தானுங்க சார் கெடுத்துப்போட்டேன்.”

“அட, உடுங்க அம்மணி. ஆளுங்க பாத்துட்டு நின்னா யாருக்குங்க கனவு வரும்?”

“நீங்க தெனமும் பாத்தீங்களே?”

“நான் ஆளுங்களா? லைப்ரேரியன்ங்க. அலமாரி மாதிரி.”

சொல்லிவிட்டு மேசை டிராயரைத் திறந்து தன் சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கினார். ஒரு கண்ணாடிக்கூடு, ஒரு பசை பாட்டில், மீதி இருந்த பொட்டு அட்டைகள். அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அதை எடுத்து வைக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. ஒவ்வொன்றையும் எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், மறுபடி உள்ளேயே வைத்துவிடுவார்.

அப்போது தாளாளர் அம்மாவின் கார் டிரைவர் வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, குடிக்கத் தண்ணி இருக்குதுங்களா? வேப்பமரத்துக்குக் கீழயே அரை மணி நேரமா நிக்கறனுங்க. வண்டிய எடுக்கட்டுங்களான்னா, இருங்கறாங்க. கண்ணாடிய எறக்கிப்போட்டு மலையப் பாத்துட்டே உக்காந்திருக்கறாங்க.”

சார் கையிலிருந்த பசை பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார். பென்சிலை எடுத்தார். நோட்டைத் திறந்தார்.

“தம்பி, அம்மா எத்தன தடவைங்க தலையத் தூக்குனாங்க?”

டிரைவர் யோசித்தார்.

“ஒரு தடவைதானுங்க சார். ஆனா தூக்குன தலை இன்னும் எறங்கல.”

சார் ஒரு கோடு போட்டார். பக்கத்தின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம் வரை, ஒரே கோடு.

மறுநாள் காலையில் தாளாளர் அறையிலிருந்து எனக்கு ஆள் வந்தது. தம்பி போடும் நிலை நம்பரை அட்டைக்கு உள்பக்கம் எழுதிக்கொள்ளலாம், பொட்டு வெளியே இருக்கட்டும், அறையும் இருக்கட்டும், சாரும் இருக்கட்டும் என்றார் தாளாளர் அம்மா. காரணம் சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. புத்தகத்தையும் திருப்பித் தரவில்லை.

நான் போய் விஷயத்தைச் சொன்னதும் சார் எழுந்து வெளியே போனார். எங்கே போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கால் மணி நேரம் கழித்து, கேண்டீனிலிருந்து இரண்டு கையாலும் பிடித்து, ததும்பாமல், ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து ஜன்னலோரம் என் முன்னால் வைத்தார்.

“குடிங்க அம்மணி, ஆறிப்போயிரும்.”

அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தது அதுதான் முதல் தடவை. நான் ஆறவிட்டுத்தான் குடித்தேன். சீக்கிரம் தீர்ந்துபோகக் கூடாதல்லவா?