ஒரு காதில் மூன்று பெயர்

முடிவெடுப்பதில் ஒரு காலத்தில் நான் மின்னல். நம்ப மாட்டீர்கள் என்பதால் ஆதாரமும் தருகிறேன். மட்டாஞ்சேரியில் படகுத்துறைக்குப் போகும் வழியில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டேஷனரி கடை வைத்திருந்தேன். ஒவ்வொரு ஜனவரியிலும் விற்காத டைரி ஒன்றாவது என் தலையில் விழும். வீணாக்க மனம் வராமல் எழுத ஆரம்பித்து, பிறகு ஒரு நாளும் விடவில்லை. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைய பதிவு முழுவதும் இவ்வளவுதான்: ‘காலையில் ஆலப்புழை போய்ப் பெண் பார்த்தோம். சரி என்றேன். மழை.’ பார்த்த வேலையை உதறிவிட்டுக் கடை வைக்கத் துணிந்த நாளில்: ‘நாளை முதல் வேலைக்குப் போவதில்லை. மத்தியானம் வெண்டைக்காய்.’ (வெண்டைக்காய் முற்றல் என்று இன்னும் இரண்டு வரி இருக்கிறது. வேலையைப் பற்றி இல்லை.)

அப்பேர்ப்பட்டவன், ஆறு வருடத்துக்கு முன் என் பேத்திக்குப் பெயர் தேடிப் பதினான்கு பக்கம் எழுதியும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

மகள் மீனா அக்கரையில் தேவராவில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை சஜீவ் மலையாளி. அவருக்கு அப்பா இல்லை. இங்கே மலையாளிகள் குழந்தை பிறந்த இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் நூல் கட்டுவார்கள். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் குழந்தையின் ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் பெயரை மூன்று முறை மெதுவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. சொல்வது மட்டுமல்ல, தேர்ந்தெடுப்பதும்.

“நீங்களே பாத்து வைங்கப்பா. நாங்க அன்னிக்குக் கேட்டுக்கறோம்,” என்றாள் மீனா. அறுவை சிகிச்சை செய்து பிறந்த குழந்தை. தாய்க்கு உடம்பும் தேறவில்லை, முகமும் தெளியவில்லை. வேறு எதையும் கேட்காத பெண் இதைக் கேட்டாள். நன்றாகச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அங்கேதான் பிடித்தது சனி. முப்பது வயதில் தப்பாக முடிவெடுத்தால் அனுபவிப்பவனும் நான், திருத்துபவனும் நான், நேரமும் கிடந்தது. இந்தப் பெயரோ எனக்குப் பிறகும் பல காலம் ஊரில் நடமாடப் போகிறது. அவளுக்குப் பொருந்தியதா என்று கேட்க நான் இருக்க மாட்டேன். இன்னொரு பயமும் உண்டு. கடையைக் கைமாற்றிவிட்ட பிறகு, வீட்டில் என்னைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை. வெகுநாள் கழித்து என்னைத் தேடி வந்த ஒரே விஷயம் இது. இதையும் சொதப்பினால் அடுத்தது வராது.

அறுபத்தொரு பெயர்களில் ஆரம்பித்து மூன்றுக்கு இறக்கினேன். கல்யாணி, என்னைப் படிக்கவைத்த அக்காவின் பெயர். நிலா, எந்த மொழியிலும் எழுத எளிது. மாளவிகா, இந்தப் பக்கத்துப் பெயர், சம்பந்தியம்மாள் மனம் குளிரும். பெயர் என்பது தெருவில் விளையாடும் குழந்தையைக் கூப்பிடத்தானே என்று மாடி ஜன்னலில் நின்று மூன்றையும் உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தேன். கடைசிப் பெயருக்கு எதிர்வீட்டு மாளவிகா எட்டிப் பார்த்து, “எந்தா அங்கிளே?” என்றாள். “ஒண்ணுமில்ல மோளே,” என்று சொல்லிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

“பேரு வைக்கச் சொன்னா ஆராய்ச்சி பண்றீங்க. அது நடந்து வந்து தானே சொல்லிரும்,” என்றாள் என் மனைவி கோமதி.

“நாளைக்குச் சொல்லிடறேன்.”

“இது இருபத்தி மூணாவது நாளைக்கு.”

விழா ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் பத்து நாற்பதிலிருந்து பதினொன்று பத்து வரை. எங்கள் கூடத்தில் தேவராக்காரர்களும் நம்மவர்களுமாக நாற்பது பேர். பத்து ஐம்பத்தெட்டுக்கு வெற்றிலையோடு குனிந்தேன். அதுவரை முடிவு செய்யவில்லை. குனிந்தால் தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

“கல்யாணி,” என்றேன். குழந்தை முகத்தைச் சுளித்தது. அந்த ஒரு சுளிப்பில் பதினான்கு பக்கமும் சரிந்தது. “நிலா,” என்றேன். கடைக்கண்ணில் சம்பந்தியம்மாளின் பட்டுப் புடவைக் கரை தெரிந்தது. “மாளவிகா,” என்றேன்.

மூன்று முறை ஆகிவிட்டது. நிமிர்ந்தேன். காது கொஞ்சம் மந்தமானதிலிருந்து என் ரகசியக் குரல் கடைசி வரிசைவரை கேட்கும் என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாற்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சம்பந்தியம்மாள்தான் முதலில் பேசினார். “சேட்டா, இது பேரோ, லிஸ்டோ?”

“மூணும் நல்ல பேருதான். எது பிடிக்குதோ அத…”

“புடவைக்கடையா இது?” என்றாள் கோமதி.

பின்னால் யாரோ, “ஒண்ணு கூடி பறயாமோ, எழுதி எடுக்கட்டே,” என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள். நான்காவது முறை சொல்லலாமா, கூடாதா என்று வாசலருகே இரண்டு பெரியவர்கள் வாதாடத் தொடங்கினார்கள். குழந்தைக்குப் பெயர் இல்லை. முகூர்த்தம் முடிய பத்து நிமிடம்கூட இல்லை.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. மீனா அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய.

“தையல் இழுக்குதுப்பா, போதும், மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க.”

குழந்தை பிறந்து அவள் சிரித்தது அன்றுதான். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னாள். “கல்யாணமான நாள்லருந்து நானும் இவரும் இந்தப் பேருக்காகச் சண்டை போடறோம். ஒண்ணுகூட ஒத்துவரல. அதான் உங்க தலையில கட்டிட்டோம்.”

மாப்பிள்ளை மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெரியவர் என்ற மரியாதைக்காக வந்த பொறுப்பு அல்ல. இளையவர்கள் தாங்க முடியாமல் இறக்கிவைத்த சுமை. கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. தடுமாறுவது வயதானவர்கள் மட்டுமே செய்யும் காரியம் அல்ல என்று அவ்வளவு பேர் நடுவில் தெரிந்துகொண்டேன்.

“நிலான்னே இருக்கட்டும்,” என்றாள் மீனா. “அதச் சொல்றப்ப மட்டும்தான் உங்க குரல் நடுங்கல.”

“அது மதி,” அதுவே போதும் என்று மலையாளத்தில் ஒப்புக்கொண்டார் சஜீவ், விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பதினொன்று நான்கு. மீண்டும் குனிந்து ‘நிலா’ என்று மூன்று முறை சொன்னேன். அவள் தூங்கிப்போயிருந்தாள்.

இன்றும் பிராட்வே துணிக்கடையில் நான் இரண்டு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால், “என்ன, பேரு வைக்கிறீங்களா?” என்பாள் கோமதி. சஜீவின் தம்பி தன் மகனுக்குப் பெயர் சொல்லவும் என்னையே அழைத்தான். பெயரை எழுதிய துண்டுச் சீட்டோடு.

இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் கேட்டுக் கேட்டு நிலாவுக்கு மனப்பாடம். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். மற்ற இரண்டு பெயர்களையும் அவள் வீணாக்குவதில்லை. போன வாரம் என் மூக்குக்கண்ணாடி நசுங்கிக் கிடந்தது.

“யாரு மிதிச்சது?”

“கல்யாணி.”

“அவ எங்க?”

“டியூஷன் போயிருக்கா.”

“தரையில சாயா கொட்டியிருக்கே?”

“அது மாளவிகா.”

“அப்ப நிலா என்ன பண்ணினா?”

“நிலாதான் உங்க கண்ணாடிய எடுத்துக் குடுக்கறா,” என்று நீட்டினாள். இரண்டு துண்டாக இருந்தது. வாங்கிக்கொண்டு, மூவருக்கும் நன்றி சொன்னேன்.